செத்துப்போன இதயத் தசை மீண்டும் துளிர்க்குமா? இதயத்துக்கு 'ஒட்டு' போடும் புதிய மருத்துவம்!

ஜப்பானின் ஒசாகா நகரில் 2025 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை உலகக் கண்காட்சி நடந்தது. அங்கே ஓர் அரங்கில் வைத்திருந்த கண்ணாடிக் குடுவைக்குள், செந்நிறத் திரவத்தில் மிதந்தபடி ஒரு குட்டி இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அளவு சுமார் 3.5 சென்டிமீட்டர். அது எந்த மனிதரின் நெஞ்சிலிருந்தும் எடுத்ததல்ல. ஆய்வகத்தில் வளர்த்த செல்களைக் கொண்டு உருவாக்கியது.

அதைப் பார்த்தவர்களுக்கு வியப்பு. ஆனால், ஹார்ட் அட்டாக்கில் பாதி இதயம் பழுதாகி, நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும் ஒருவர் வீட்டில் இருந்தால், அந்தக் குடும்பத்துக்கு வியப்பைவிட ஒரு கேள்விதான் முதலில் வரும். 'இது எங்களுக்கு எப்போது கிடைக்கும்?'

அந்தக் குட்டி இதயத்தால் துடிக்க மட்டுமே முடியும். ஓர் உடலுக்கு ரத்தத்தை அனுப்பும் வலு அதற்குக் கிடையாது. ஆனால், அதற்குப் பின்னால் இருக்கும் தொழில்நுட்பம் நிஜமான நோயாளிகளின் இதயம்வரை வந்துவிட்டது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் போக வேண்டும்?

ஓய்வே இல்லாத பம்ப்

முதலில், நம் நெஞ்சுக்குள் இருப்பதைப் புரிந்துகொள்வோம்.

இதயம் என்பது கை முஷ்டி அளவுள்ள ஒரு தசை. உள்ளே 4 அறைகள். ஒரே உறுப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் இவை அடுத்தடுத்து வைத்த 2 பம்புகள். வலது பக்கம், உடல் முழுக்கச் சுற்றி ஆக்ஸிஜனை இழந்து திரும்பும் ரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது பக்கம், நுரையீரலில் ஆக்ஸிஜனை நிரப்பிக்கொண்டு வரும் ரத்தத்தை வாங்கி உச்சந்தலை முதல் உள்ளங்கால்வரை அனுப்புகிறது. இடது கீழறைக்குத்தான் வேலை அதிகம் என்பதால் அதன் சுவர் தடிமனாக இருக்கும்.

ரத்தம் பின்னோக்கி வராமல் தடுக்க 4 வால்வுகள் இருக்கின்றன. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்கும் 'லப்-டப்' சத்தம், இந்த வால்வுகள் மூடும் சத்தம்தான்.

வலது மேலறையின் சுவரில் இருக்கும் ஒரு சிறிய செல் கூட்டம் தானாகவே மின் துடிப்பை உருவாக்குகிறது. அந்த மின்சாரம் அலைபோல் பரவ, கோடிக்கணக்கான தசை செல்கள் ஒரே தாளத்தில் சுருங்கி விரிகின்றன. இந்தத் தாளம்தான் முக்கியம். இந்த விஷயத்துக்குப் பிறகு மீண்டும் வருவோம்.

ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம். ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் துடிப்புகள், 7,000 லிட்டர். தெருவுக்கு வரும் 6,000 லிட்டர் தண்ணீர் லாரியை நிரப்பிவிட்டு, மிச்சமும் வைக்கும் அளவு.

இவ்வளவு ரத்தத்தைக் கையாண்டாலும், தன் அறைக்குள் நிறைந்திருக்கும் ரத்தத்திலிருந்து இதயத் தசை தனக்கு வேண்டியதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கென வெளிப்பரப்பில் படர்ந்திருக்கும் கரோனரி ரத்தக் குழாய்களைத்தான் நம்பியிருக்கிறது. சிக்கல் தொடங்கும் இடமும் அதுதான்.

அடைப்பு ஏற்பட்ட அரை மணி நேரத்தில்...

கரோனரி குழாயின் உள்சுவரில் பல வருடங்களாகப் படிந்த கொழுப்புத் திட்டு ஒருநாள் வெடிக்கிறது. அந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த தசைக்கு ஆக்ஸிஜன் நின்றுபோகிறது. இதுதான் ஹார்ட் அட்டாக்.

சுமார் 20 முதல் 30 நிமிடங்களில் தசை செல்கள் இறக்கத் தொடங்கும். அடைப்பு நீங்காவிட்டால், அடுத்த சில மணி நேரத்தில் பாதிப்பு உள்ளிருந்து வெளிப்பக்கமாகப் பரவும். பெரிய அட்டாக் என்றால் 100 கோடி தசை செல்கள்வரை போய்விடக்கூடும். மொத்தமே சில நூறு கோடிகள்தான் இருக்கின்றன.

இறந்த தசை இருந்த இடத்தில் புதுத் தசை வருவதில்லை. தழும்புதான் வருகிறது. கையில் ஆழமாக வெட்டுப்பட்டால் வருமே, அதேபோன்ற தழும்பு. அதுவும் நல்லதற்குத்தான். அது இல்லாவிட்டால் இதயச் சுவர் அழுத்தம் தாங்காமல் கிழிந்துவிடும். ஆனால், தழும்பு சுருங்காது. நான்கு பேர் இழுத்த தேரை மூன்று பேர் இழுப்பதுபோல, மிச்சமிருக்கும் தசை கூடுதல் சுமையைச் சுமக்கிறது. நாளடைவில் இதயம் விரிந்து, தளர்ந்துபோகிறது.

இதைத்தான் 'இதயச் செயலிழப்பு' என்கிறார்கள். பெயரைக் கேட்டதும் இதயம் நின்றுவிட்டது என்று பயந்துவிட வேண்டாம். உடலுக்குத் தேவையான அளவுக்கு அதனால் பம்ப் செய்ய முடியவில்லை என்று பொருள். கால் வீக்கம், சட்டென ஏறும் எடை, படுத்தால் மூச்சுத்திணறி இரண்டு மூன்று தலையணை வைத்துக்கொள்ள வேண்டிய நிலை... எல்லாம் இதன் அறிகுறிகள்.

"ஸ்டென்ட் வெச்சாச்சு, இனி எல்லாம் சரியாகிடும்" என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். ஸ்டென்ட் அடைப்பைத் திறந்து, உயிரோடு இருக்கும் தசையைக் காப்பாற்றும். பைபாஸ் அறுவை சிகிச்சை ரத்தத்துக்கு மாற்றுப் பாதை போட்டுத் தரும். ஏற்கெனவே செத்துப்போன தசையை இரண்டாலும் எழுப்ப முடியாது.

அணுகுண்டு சொன்ன ரகசியம்

தோலில் சிராய்த்தால் சில நாளில் ஆறிவிடுகிறது. கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மீண்டும் வளர்கிறது. இதயம் மட்டும் ஏன் இப்படி? பெரியவர்களின் இதயத்தில் புதிய தசை செல்கள் உருவாவதே இல்லையா?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது, யாரும் எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து. 1950-களில் வல்லரசு நாடுகள் வானத்திலும் தரையிலும் அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தன. அதனால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பனின் அளவு மளமளவென உயர்ந்தது. 1963-ல் அந்தச் சோதனைகளைத் தடை செய்யும் ஒப்பந்தம் வந்தபிறகு படிப்படியாகக் குறைந்தது. அந்தக் கார்பன் பயிர்களுக்குள் போய், உணவு வழியாக மனிதர்களின் உடலுக்குள்ளும் வந்தது. ஒரு செல் பிறக்கும்போது அதன் டி.என்.ஏ-வில் அந்த ஆண்டுக்குரிய கார்பன் அளவு பதிந்துவிடும். பிறந்த தேதியை முத்திரை குத்தியதுபோல!

ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தைச் சேர்ந்த யோனாஸ் ஃப்ரீசென் குழு, இறந்தவர்களின் இதயத் தசை செல்களில் இந்த முத்திரையைப் படித்தது. அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன்பே பிறந்தவர்களின் இதயத்திலும், சோதனைகளுக்குப் பிந்தைய கார்பன் இருந்தது. அதாவது, அவர்கள் பிறந்து பல ஆண்டுகள் கழித்தும் புதிய செல்கள் உருவாகியிருக்கின்றன.

நல்ல செய்திதான். ஆனால், வேகம் மிகக் குறைவு. 2009-ல் வெளியான இந்த ஆய்வின்படி, 25 வயதில் ஆண்டுக்குச் சுமார் 1 சதவிகிதத் தசை செல்கள்தான் புதுப்பிக்கப்படுகின்றன. 75 வயதில் அது 0.45 சதவிகிதமாகக் குறைந்துவிடுகிறது. ஒரு முழு ஆயுளில் பாதி செல்கள்கூட மாறுவதில்லை. ஒரே மதியத்தில் 100 கோடி செல்களை இழந்த இதயத்துக்கு இந்த வேகம் எந்த மூலைக்கு?

மீனுக்கு முடியும்... நமக்கு ஏன் முடியாது?

வண்ண மீன் கடைகளில் நீலக் கோடுகளோடு துள்ளும் குட்டி மீனைப் பார்த்திருப்பீர்கள். ஜீப்ரா மீன். இந்தியா, வங்கதேசம் பகுதிகளின் நீரோடைகள்தான் அதன் பூர்வீகம். 2002-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கென்னத் பாஸ், மார்க் கீட்டிங் குழு, இந்த மீனின் இதயக் கீழறையில் சுமார் 20 சதவிகிதத்தை வெட்டி எடுத்தது. 2 மாதங்களில் இழந்த தசை மீண்டும் வளர்ந்து நின்றது, பெரிய தழும்பு இல்லாமல்!

'மீன் வேறு, பாலூட்டி வேறு' என்று தள்ளிவிட முடியாதபடி 2011-ல் இன்னொரு முடிவு வந்தது. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஹெஷாம் சதேக், எரிக் ஓல்சன் குழு, பிறந்து 1 நாளான எலிக்குட்டிகளின் இதயத்தில் ஒரு பகுதியை நீக்கியது. 3 வாரங்களில் அது வளர்ந்துவிட்டது. அதே சோதனையைப் பிறந்து 7 நாளான குட்டிகளிடம் செய்தபோது, தழும்பு மட்டுமே மிஞ்சியது.

அதாவது, அந்தத் திறன் பாலூட்டிகளிடமும் இருக்கிறது. பிறந்த சில நாள்களில் கதவு மூடிவிடுகிறது. செல்கள் பெருகும் வேலையை விட்டுவிட்டு, துடிக்கும் வேலைக்கு முழுநேரமாகப் போய்விடுகின்றன. கருப்பைக்கு வெளியே வந்ததும் திடீரெனக் கூடும் ஆக்ஸிஜனும் இதற்கு ஒரு காரணம் என்கிறது சதேக் குழு.

கதவு நிரந்தரமாகப் பூட்டப்படவில்லை என்பதற்கும் ஓர் அடையாளம் கிடைத்திருக்கிறது. தளர்ந்த இதயத்துக்குத் துணையாக எல்.வி.ஏ.டி எனும் செயற்கைப் பம்ப் பொருத்துவார்கள். அதைப் பொருத்தியவர்களில் சிலருக்கு இதயம் வியக்கத்தக்க அளவில் தேறுகிறது. அப்படித் தேறியவர்களின் இதயத்தை, சதேக் இடம்பெற்ற குழு அதே கார்பன் முறையில் ஆராய்ந்தது. ஆரோக்கியமான இதயத்தில் நடப்பதைவிட 6 மடங்கு வேகத்தில் புதிய தசை செல்கள் உருவாகியிருந்தன. 2024 இறுதியில் இந்த முடிவு வெளியானது. பிறந்தது முதல் ஒரு நாளும் ஓய்வு காணாத தசை, கொஞ்சம் ஓய்வு கிடைத்ததும் தன்னைத் தானே பழுதுபார்க்க முயன்றிருக்கிறது.

17 ஆண்டுகள் நீடித்த பொய்

இந்தத் துறையின் கதையில் ஒரு கறுப்பு அத்தியாயமும் உண்டு. அதைத் தெரிந்துகொள்வது நோயாளிகளுக்கு மிக முக்கியம்.

2001-ல் பியரோ அன்வெர்சா என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழு, எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல்களைச் செலுத்தினால் எலியின் இதயத் தசை புதிதாக வளர்கிறது என்று அறிவித்தது. பிறகு, இதயத்துக்குள்ளேயே ஸ்டெம் செல்கள் ஒளிந்திருப்பதாகவும் சொன்னது. உலகமே கொண்டாடியது. நோயாளிகளிடமும் பரிசோதனைகள் தொடங்கின.

2004-லேயே வேறு ஆய்வகங்கள் அந்தச் சோதனையைச் செய்துபார்த்து, 'எங்களுக்கு அப்படி எதுவும் வளரவில்லை' என்று எழுதின. ஆனாலும் நம்பிக்கை வண்டி நிற்கவில்லை. கடைசியில் 2018-ல், அவர் பணியாற்றிய ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியும் பிரிகாம் மருத்துவமனையும், அந்த ஆய்வகத்தின் 31 கட்டுரைகளில் பொய்யான அல்லது திருத்தப்பட்ட தரவுகள் இருப்பதாகக் கூறி, அவற்றைத் திரும்பப் பெறும்படி இதழ்களைக் கேட்டுக்கொண்டன. அதற்கு முந்தைய ஆண்டு, இந்த ஆய்வுகளுக்காக அரசு நிதி பெற்ற விவகாரத்தில் அந்த மருத்துவமனை 1 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டிருந்தது.

இழந்தது பணம் மட்டுமல்ல. பல ஆண்டு உழைப்பும், எண்ணற்ற நோயாளிகளின் நம்பிக்கையும்தான்.

இதயத்துக்கு ஓர் ஒட்டு

இதயத்தில் ஒளிந்திருக்கும் ஸ்டெம் செல்லைத் தேடுவதற்குப் பதில், தசையை வெளியே வளர்த்துக் கொண்டுவந்தால்? இன்று முன்னணியில் இருக்கும் வழி இதுதான்.

இதற்கு அடிப்படை ஜப்பான் விஞ்ஞானி ஷின்யா யமனாகாவின் கண்டுபிடிப்பு. தோல், ரத்தம் போன்ற முதிர்ந்த செல்களுக்குள் 4 மரபணுக்களைச் செலுத்தினால், அவை கருவின் தொடக்கநிலை செல்போல மாறிவிடுகின்றன என்று 2006-ல் எலியிலும், 2007-ல் மனித செல்களிலும் காட்டினார். 2012-ல் நோபல் பரிசு பெற்றார். இவற்றுக்குப் பெயர் ஐ.பி.எஸ் செல்கள். காவல்துறைக்குச் சம்பந்தமில்லாத ஐ.பி.எஸ்! இவற்றிலிருந்து எந்த வகை செல்லையும் வளர்க்கலாம், துடிக்கும் இதயத் தசை செல் உட்பட.

ஒசாகா பல்கலைக்கழகத்தின் இதய அறுவை சிகிச்சை நிபுணர் யோஷிகி சாவா, இந்தச் செல்களை மெல்லிய தாள்போல வளர்த்து, 2020 ஜனவரியில் முதன்முறையாக ஒரு நோயாளியின் இதயத்தின் மேல் வைத்தார். இந்தத் தாள்கள் சுரக்கும் புரதங்கள், அடியில் இருக்கும் நலிந்த தசையில் புது ரத்தக் குழாய்கள் வளரத் தூண்டும் என்பது எதிர்பார்ப்பு. கண்காட்சியில் துடித்த குட்டி இதயமும் இவரது வழிகாட்டுதலில் உருவானதுதான்.

ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் வொல்ஃப்ராம் சிம்மர்மன் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. ஐ.பி.எஸ் செல்களிலிருந்து பெற்ற தசை செல்களையும் இணைப்புத் திசு செல்களையும் கொலாஜனுடன் கலந்து, துடிக்கும் 'ஒட்டு'களைத் தயாரித்தது. கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்டுத் தைப்பதுபோல, இவற்றைத் தளர்ந்த இதயத்தின் மேல் வைத்துத் தைக்கிறார்கள். நோக்கம், நிஜமாகவே புதிய தசையைச் சேர்ப்பது.

முதலில் குரங்குகளிடம் சோதித்தார்கள். பிறகு, இதயச் செயலிழப்பு முற்றிய 46 வயதுப் பெண் ஒருவருக்கு, 40 கோடி செல்கள் கொண்ட 10 ஒட்டுகளைத் தைத்தார்கள். 3 மாதங்கள் கழித்து அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. அகற்றிய அவரது பழைய இதயத்தைப் பரிசோதித்தபோது, ஒட்டுகள் உயிரோடு இருந்தன. அவற்றுக்குள் ரத்தக் குழாய்களும் ஓடியிருந்தன. 2025 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் இந்த முடிவு வெளியானது. மாற்று இதயத்துக்காகக் காத்திருப்பவர்கள் தாக்குப்பிடிக்க ஒரு பாலமாக இது உதவலாம் என்பது அந்தக் குழுவின் நம்பிக்கை.

தாண்ட வேண்டிய 3 தடைகள்

தாளம்: புதிய செல்கள் பழைய தசையோடு ஒரே தாளத்தில் துடிக்க வேண்டும். 2014-ல் குரங்குகளின் இதயத்துக்குள் 100 கோடி மனிதத் தசை செல்களைச் செலுத்தியபோது, தசை வளர்ந்தது. கூடவே துடிப்பும் தாறுமாறானது. இதயத்தில் எஞ்சியிருக்கும் செல்களையே பெருகவைக்கும் மரபணு சிகிச்சையும் இதே பாடத்தைத்தான் சொன்னது. 2019-ல் மவ்ரோ ஜியாக்கா குழு அதைப் பன்றிகளிடம் சோதித்தது. ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கியது, பம்ப் செய்யும் திறன் கூடியது. ஆனால், செல் பெருக்கத்தை நிறுத்த வழியில்லாததால் பெரும்பாலான பன்றிகள் துடிப்புக் கோளாறால் திடீரென இறந்துபோயின. வளரவைத்தால் மட்டும் போதாது, நிறுத்தவும் தெரிய வேண்டும்.

எதிர்ப்பு: வேறொருவரின் செல்லிலிருந்து செய்த ஒட்டை உடல் அந்நியப் பொருளாகப் பார்க்கும். எனவே நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை எடுக்க வேண்டும். அதனால் தொற்று அபாயம் கூடும்.

கட்டி: முழுமையாகத் தசையாக மாறாத ஐ.பி.எஸ் செல்கள் கொஞ்சம் கலந்துவிட்டாலும் கட்டியாக வளரலாம். கோடிக்கணக்கான செல்களில் ஒன்றிரண்டைக்கூடத் தப்பவிடாமல் வடிகட்ட வேண்டும்.

'ஸ்டெம் செல் போட்டா சரியாகிடும்' என்று யாராவது சொன்னால்...

இவ்வளவு பெரிய ஆய்வகங்களே இத்தனை தடைகளோடு போராடும்போது, 'ஸ்டெம் செல் ஊசி போட்டால் பைபாஸே தேவையில்லை' என்று விளம்பரம் வந்தால் எச்சரிக்கையாக இருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் சார்ந்த நோய்கள் போன்ற சிலவற்றுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை மட்டுமே ஏற்கப்பட்டது. இதயம் உட்பட மற்ற எதற்கும், அனுமதி பெற்ற மருத்துவப் பரிசோதனையாக மட்டுமே ஸ்டெம் செல்களைப் பயன்படுத்தலாம்.

யாராவது பரிந்துரைத்தால் 3 கேள்விகள் கேளுங்கள். இது இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ-யில் பதிவாகியிருக்கிறதா? நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? இதற்குக் காசு வாங்குகிறீர்களா? உண்மையான பரிசோதனையில், சோதிக்கப்படும் சிகிச்சைக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால், நகையை அடகு வைப்பதற்கு முன் இன்னொரு இதய நிபுணரிடம் கருத்துக் கேளுங்கள்.

இன்று நம் கையில் இருப்பது

செத்த தசையை எழுப்புவது நாளைய மருத்துவம். தசையைச் சாகவிடாமல் காப்பது இன்றே முடியும்.

* நடு நெஞ்சில் அழுத்தம், இடது கை, தாடை, முதுகுக்குப் பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் 'வாயுத் தொல்லை' என்று சோடாவோ ஓம வாட்டரோ குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். நோயாளி தானே வண்டி ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

* பெண்கள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலி இல்லாமலும் அட்டாக் வரலாம். காரணமில்லாத கடும் சோர்வு, குமட்டல், மூச்சு வாங்குதல் இருந்தாலும் இ.சி.ஜி எடுத்துவிடுங்கள்.

* கிராமத்தில் இருப்பவர்கள் பெரிய மருத்துவமனை தூரம் என்று தயங்க வேண்டாம். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய 3 மருந்துகளின் முதல் டோஸைக் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்புகிறார்கள்.

* ஏற்கெனவே அட்டாக் வந்தவர்கள், எக்கோ ரிப்போர்ட்டில் 'இ.எஃப்' என்ற எண்ணைப் பார்த்து வையுங்கள். இடது கீழறையில் நிறையும் ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு எத்தனை சதவிகிதம் வெளியேறுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. பொதுவாக 50-க்கு மேல் இருந்தால் நல்லது. 40-க்குக் கீழ் இருந்தாலும், இன்றைய மருந்துகளால் பலருக்கு அது உயர்கிறது. 'இப்போ நல்லாத்தானே இருக்கு' என்று நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

ஒசாகாவில் துடித்த அந்தக் குட்டி இதயம் ஒருநாள் மருத்துவமனைகளுக்கு வரலாம். ஒட்டுப் போட்ட இதயத்தோடு தாத்தாக்கள் பேரன் கல்யாணத்துக்கு வந்து உட்காரலாம். அதுவரை, நம் நெஞ்சில் இருக்கும் செல்களுக்கு மாற்று கிடையாது. வீட்டில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். அடுத்த நொடி போனை எடுங்கள்.